வரி நோட்டில் ஒரு பெயர்

"திருநங்கைகள் கோயிலுக்கு வரக்கூடாதுன்னு யாரு சொன்னா? தாராளமா வரலாமே!"

இந்தப் பேச்சை எடுத்தால் புதுக்கோட்டைப் பக்கம் முதலில் வருகிற பதில் இதுதான். அதில் பொய்யும் இல்லை. நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவிலும் திருவப்பூர் மாரியம்மன் மாசித் திருவிழாவிலும் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பவரை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. ஆனால் கூட்டத்தில் நிற்பது வேறு, ஊரில் ஒருவராக இருப்பது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

அதுதான் வரி நோட்டு! பல கிராமங்களில் திருவிழாவுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். தலைக்கட்டு என்றால் பெரும்பாலும் கல்யாணமான ஓர் ஆண். வரி கொடுத்தவருக்குப் பிரசாதத்தில் பங்கு உண்டு, கூட்டத்தில் பேச உரிமை உண்டு, வீட்டில் ஒரு சாவு என்றால் ஊரே வரும். வரவுப் பக்கத்தில் பெயர் இல்லாதவருக்குச் செலவுப் பக்கத்திலும் எதுவும் இல்லை. கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம் :)

இப்போது யோசித்துப் பாருங்கள். வீட்டை விட்டு வெளியேறிய திருநங்கை எந்தத் தலைக்கட்டு? கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிற, ஆண்களை விரும்பும் ஆண் எந்தத் தலைக்கட்டு? சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள்? "வராதே" என்று யாரும் சொல்லவில்லை. நோட்டில் அவர்களுக்கு ஒரு வரி இடம் இல்லை, அவ்வளவுதான்.

இது கோயிலுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. சி.எஸ்.ஐ. சபையில் சந்தாப் பதிவேடு, கத்தோலிக்கப் பங்கில் குடும்பப் பதிவேடு, பள்ளிவாசலில் ஜமாஅத் பதிவேடு என்று எல்லாமே குடும்பத்தை வைத்துத்தான் நடக்கின்றன. நிக்காஹ் முதல் அடக்கம் வரை ஜமாஅத் வேண்டும். கிராமத்து தேவாலயங்கள் பலவற்றில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். ஒரு திருநம்பி எந்தப் பக்கம் உட்காருவார்? இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே ஆலயத்துக்குப் போவதை நிறுத்தியவர்கள் இருக்கலாம்.

"கூவாகம் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதம் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் தாலியை அறுத்து அழுகிறார்கள். இந்த அளவுக்கு அவர்களை நடுவில் வைக்கும் விழா உலகத்திலேயே அபூர்வம். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை. மீதி நாட்களில் அவர்கள் எந்த ஊர், எந்தக் கோயில்? கடை திறப்பு விழாவில் "ராசி" என்று ஆசி வாங்கும் அதே கடைக்காரர், பக்கத்து வீட்டை அவருக்கு வாடகைக்கு விடுவாரா?

தூத்துக்குடியில் நடந்ததைப் பாருங்கள். 2018 அக்டோபர் 31-ல் சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகம் அதைப் பதிய மறுத்தது. வழக்கு மதுரைக் கிளைக்குப் போனது. இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார். சாமி முன்னால் நடந்த கல்யாணம்தான். ஆனாலும் ஒரு பதிவேட்டில் ஏறுவதற்கு உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. அது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 17-ல் அவர்களின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஆக, கல்யாணத்தை வைத்துத்தான் ஆளை எண்ணுவோம் என்றால் இவர்கள் கடைசி வரை எண்ணிக்கையில் வரவே மாட்டார்கள்.

சரி, எண்ணும் முறையை மாற்ற முடியாதா? ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். கணவனை இழந்த பெண்களுக்கு அரை வரி போடும் ஊர்கள் உண்டு. அது சரியா தவறா என்பது வேறு விஷயம். நோட்டு வானத்திலிருந்து விழவில்லை, மனிதர்கள் எழுதியது, வேறு மாதிரியும் எழுதலாம் என்பதற்கு அதுவே சாட்சி. செங்கல்பட்டு பக்கம் இ.சி.ஐ. திருச்சபை, பாரதி என்ற திருநங்கையைப் போதகராகவே ஏற்றுக்கொண்டது. திருநர்கள் ஞானஸ்நானம் பெறலாம், சில நிபந்தனைகளோடு ஞானப் பெற்றோராகவும் இருக்கலாம் என்று 2023-ல் வத்திக்கான் தெளிவுபடுத்தியது.

"எங்கள் வேதம் அனுமதிக்கவில்லையே" என்று மனப்பூர்வமாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களைக் கேலி செய்து பயனில்லை. ஆனால் அவர்களிடமும் கேட்கலாம்... பிரசங்கத்தில் அவர்களை வைத்து ஜோக் அடிக்கச் சொல்லி எந்த வேதத்தில் இருக்கிறது? நம்பிச் சொன்ன ரகசியத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லச் சொல்லி எங்கே இருக்கிறது? இறந்தவருக்கு ஆறடி மண் மறுக்கச் சொல்லி? பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்கும் பையன் அந்த ஜோக்கைக் கேட்டுச் சிரிப்பது போல நடிக்கிறான் என்றால், நஷ்டம் அவனுக்கு மட்டுமா? 'குணப்படுத்துகிறேன்' என்று மருத்துவர்கள் கிளம்புவதற்கே 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஜெபத்தாலும் மந்திரித்தும் 'குணப்படுத்த' நினைப்பவர்களும் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம்.

இங்கே புதுக்கோட்டைக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் அன்றைய ஆட்சியர் கவிதா ராமு, இறையூர் அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சமூக மக்களை அழைத்துப் போனார். அது சாதிப் பிரச்சினை, இது வேறு. ஆனாலும் ஒன்று பொருந்தும். கலெக்டர் வந்து கதவைத் திறக்கலாம், திருவிழாக் கூட்டத்தில் "இவர் பெயரையும் எழுதுங்க" என்று ஊர்க்காரர்தான் சொல்லவேண்டும்.

அதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. தனியாக வாழ்பவரையும் ஒரு புள்ளியாக எழுதலாம். அவர் விரும்பும் பெயரிலேயே அர்ச்சனை செய்யலாம். பந்தியில் பரிமாற ஒரு வேலை கொடுக்கலாம். விருந்தாளிக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை, வீட்டு ஆளுக்குத்தான் கொடுப்பார்கள்.

இத்தனை நாளும் அவர்கள் சாமி கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கொஞ்சம் தள்ளி நின்று. சாமிக்கு அதில் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை. வரி வசூலிக்கிறவர்கள்தான் இனி முடிவு செய்யவேண்டும்!