பண்பாட்டை யார் உடுத்துவது?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஜூலை 21 அன்று இன நல்லிணக்க நாள் கொண்டாடுகிறார்கள். 1964இல் அதே நாளில் வெடித்த இனக் கலவரத்தின் நினைவாக 1997இல் தொடங்கியது. பிள்ளைகள் பல இனத்து உடைகளில் வருவார்கள். அந்த வண்ணங்களுக்குப் பின்னால் ரத்தம் சிந்திய ஒரு தெரு இருக்கிறது. காரைக்குடியில் ஒரு பள்ளியின் பண்பாட்டு நாளுக்கு யோசனை சொல்ல என்னை அழைத்தபோது எனக்குள் இருந்த கேள்வியும் இதுதான்: நம் கொண்டாட்டத்துக்குப் பின்னால் இருப்பது எது?

திட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. வகுப்புக்கு ஒரு மாநிலம். பெண்பிள்ளைகள் அந்தந்த மாநிலத்துச் சேலை கட்டி நடப்பார்கள்; பையன்கள் பெயர்ப்பலகை பிடிப்பார்கள். தமிழ்நாட்டுக்குக் கண்டாங்கி. சாப்பாடு அம்மாக்கள் பொறுப்பு. வரவேற்புரையும் நன்றியுரையும் ஆண்களுக்கு.

"பையன்களுக்கு வேட்டி?" என்றேன்.

"அவங்களுக்குக் கட்டத் தெரியாது மேடம்."

பதினோரு வயதுப் பெண்ணுக்கும்தான் சேலை கட்டத் தெரியாது. ஆனால் அவளுக்குக் கட்டிவிட ஒரு அம்மா விடியுமுன் எழுந்துகொள்வாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பன்மையைத் தேடி நாங்கள் பஞ்சாபுக்குப் போக வேண்டியதில்லை. இங்கே வளவுத் தூண்கள் பர்மாத் தேக்கு. கொண்டுவிக்கப் போன ஆண்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை வீட்டையும் வயலையும் முறைச்செலவையும் பார்த்துக்கொண்டவர்கள் ஆச்சிமார்கள். அந்தத் தேக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனதில், 1937இல் அது 25 சதவீதம் ஆயிற்று. நிலம் இழந்த பர்மியக் குடியானவளின் வீட்டில் என்ன நடந்திருக்கும்? சுற்றுலா வருகிறவர்களுக்கு நாம் தூணைக் காட்டுகிறோம். அவளைப் பற்றிச் சொல்வதில்லை.

நான் கேட்டது ஒன்றுதான். ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வீட்டு மூத்த பெண்ணிடம் போய், அவர் எங்கிருந்து வந்தார், என்ன வேலை செய்தார் என்று கேட்டு வந்து மேடையில் சொல்லட்டும். சேலை அணிவகுப்பைக் கைவிட நிர்வாகம் ஒப்பவில்லை. அரை மணி நேரம் கொடுத்தார்கள்.

அந்த அரை மணியில் ஒரு பையன் தன் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னான். 1960களில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். "எங்க அப்பத்தாவுக்குப் பர்மா பாஷை தெரியும்னு நேத்துத்தான் எனக்கே தெரியும்" என்றவன், தித், ஹ்னித், தோன் என்று மூன்று வரை எண்ணிக் காட்டினான். இன்னொரு பெண், தன் பாட்டி பெரிய வீடு கட்டச் சுண்ணாம்பு சுமந்ததைச் சொன்னாள். அந்த வீட்டின் படம் பள்ளிச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பண்பாட்டு நாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடத்துகிறவர்கள் முதலில் இரண்டு பட்டியல் போடட்டும்: அன்றைக்கு உடுத்துகிறவர்கள் யார், பேசுகிறவர்கள் யார். இரண்டிலும் ஒரே பெயர்கள் வரும்வரை அது வெறும் துணிக் கண்காட்சிதான்.