14 வயசுல ரேங்க் போடாதீங்க (குட்டி த்ரெட்)

1/ புழல்ல என் கிளினிக்குக்கு 14 வயசுப் பையனை அம்மா கூட்டிட்டு வந்தாங்க. உயரம் பத்தலைன்னு பாஸ்கெட்பால் டீம்ல எடுக்கலையாம். சாப்பாடே இறங்கலை. காத்திருந்தப்போ போன் கேம்ல, டிராஃப்ட்டுக்கு வந்த புதுப் பசங்களுக்கு ரேங்க் போட்டுட்டிருந்தான்.

2/ "இதுல ஒவ்வொருத்தனுக்கும் பொட்டென்ஷியல்னு நம்பர் இருக்கு டாக்டர். எனக்கு எவ்ளோ?"

3/ இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு வயசு 12. வளர்ச்சித் தட்டு மூடல. அவங்கப்பாவும் லேட்டா வளர்ந்தவர்தான். நோய் இல்ல, தாமத வளர்ச்சி.

4/ எக்ஸ்ரே எலும்போட வயசைச் சொல்லும், ஆட்டத்தைச் சொல்லாது. நிஜ டிராஃப்ட்டே தப்பாகும். 2014 என்பிஏ டிராஃப்ட்ல நிகோலா யோக்கிச்சை 41வதாத்தான் எடுத்தாங்க. அப்புறம் 3 முறை எம்விபி ஆனார்.

5/ "அப்போ என் நம்பர்?"னான். "இன்னும் யாரும் எழுதல தம்பி, போய் ஆடு"ன்னேன்.

6/ பெற்றோருக்கு: உயரம் கூட்டும் பவுடர்ல காசை விடாதீங்க. 6 மாசத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து எழுதி வைங்க. வளர்ச்சி குறைஞ்சா, 14 முடிஞ்சும் பருவ மாற்றமே தெரியலன்னா, டாக்டரைப் பாருங்க.