பெட்டி யார் பொறுப்பில் வருகிறது?



உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எங்கள் திருகோணமலையில் இருக்கிறது. சல்லிக் கடற்கரையிலிருந்து அது சில மைல் தூரம்தான். கோதுமையும் எண்ணெயும் சீமெந்துக்கான மூலப்பொருளும் ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து போகின்றன. ஆனால் சவூதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் பாடுபடும் நம்மவர்கள் போடும் பெட்டி அங்கே இறங்குவதில்லை. அது கொழும்பில் இறங்கி, சுங்கத்தைக் கடந்து, லொறியேறி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று 250 கிலோமீட்டருக்கு மேல் வந்துதான் நம் வாசலைத் தொடுகிறது. இத்தனை கைகள் மாறி வரும் சாமானை யாரிடம் ஒப்படைப்பது என்பதைத்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

எனக்கு இந்த விஷயம் தெரிய வந்த வழி வேறு. அரபு படித்தவன் என்பதால், கார்கோ கடைகள் கொடுக்கும் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு சகோதரிகள் வருவார்கள். "மௌலவி, இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்களே" என்பார்கள். மேலே பெயர், பெட்டிகளின் எண்ணிக்கை, நிறை, கட்டிய பணம். கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: "அஷ்ஷரிகா கைரு மஸ்ஊலா..." கம்பனி பொறுப்பல்ல என்பது அதன் கருத்து. உடைந்தால் பொறுப்பல்ல, சுங்கத்தில் தாமதமானால் பொறுப்பல்ல, பொதிக்குள் இருப்பதற்குப் பொறுப்பல்ல. பணம் கட்டிய பின்புதான் பலர் இதை வாசிக்கத் தருகிறார்கள். கட்டுமுன் வாசிக்க வேண்டிய வரி இதுவல்லவா?

ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருடம் வேலை செய்தார். மகளின் கலியாணத்துக்கென்று தையல் மெஷின், கம்பளி, பாத்திரங்கள், பால்மா எல்லாம் சேர்த்து மூன்று பெட்டி போட்டார். மற்றக் கடைகளை விடக் கூலி குறைவு என்று ஒரு சிறிய கடையைத் தேர்ந்தார். பெட்டி கொழும்புக்கு வந்துவிட்டது. ஆனால் அங்குள்ள கடைக்காரர் இங்குள்ள முகவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்கவில்லை. முகவர் சாமானை விடுவிக்கவில்லை. கடையின் தொலைபேசியும் அடித்து ஓய்ந்தது. கலியாணம் முடிந்து நான்கு மாதத்தின் பின்னர், மேலும் பணம் கட்டித்தான் பெட்டிகள் வீடு வந்தன. பால்மா பழுதாகியிருந்தது.

இது நம் ஊரின் கதை மட்டுமல்ல. 2022இல் பிலிப்பைன்ஸ் நாட்டில், வளைகுடாவில் வேலை செய்வோர் அனுப்பிய ஆயிரக்கணக்கான பெட்டிகள் மணிலாத் துறைமுகத்தில் தேங்கின. அனுப்பிய கம்பனிகள் அந்நாட்டு முகவர்களுக்குப் பணம் கட்டாததே காரணம். கடைசியில் அந்நாட்டுச் சுங்கத் திணைக்களமே தலையிட்டு உரியவர்களிடம் சேர்க்க வேண்டியதாயிற்று.

இப்படி ஏன் நடக்கிறது? கார்கோ கடைக்குச் சொந்தமாகக் கப்பல் கிடையாது. பலருடைய பெட்டிகளைச் சேர்த்து ஒரு கொன்டெய்னரை நிரப்பி, கப்பல் கம்பனியிடம் கொடுக்கிறது. கப்பல் கம்பனிக்கு அந்தக் கொன்டெய்னர்தான் தெரியும். உங்கள் பெட்டியைத் தெரியாது. கொழும்பில் அதைத் திறந்து பிரித்துக் கொடுப்பவர் இன்னொரு முகவர். ஆகவே முதல் கேள்வி "கூலி எவ்வளவு?" என்பதல்ல. "கொழும்பில் உங்கள் ஆள் யார், அவருடைய அலுவலகம் எங்கே?" என்பதுதான். பெட்டியைப் போடுபவர் அங்கே இருக்கிறார், வாங்குபவர் நீங்கள். அந்தக் கொழும்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு, "இந்தக் கடையின் பெட்டிகளை நீங்கள்தான் எடுக்கிறீர்களா?" என்று விசாரிப்பது உங்களால் முடிந்த காரியம்.

இரண்டாவது, கூலியின் கணக்கு. கப்பலில் போவதற்குப் பெட்டியின் பருமனைப் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 60 சென்டிமீட்டராக உள்ள பெட்டி 0.216 கன மீட்டர். விமானத்தில் நிறையையும் பருமனையும் பார்த்து எது கூடவோ அதற்குக் காசு வாங்குவார்கள். மூன்று அளவையும் பெருக்கி 6000ஆல் பிரிப்பது வழக்கமான கணக்கு. அந்தப் பெட்டிக்கு அது 36 கிலோ. உள்ளே 20 கிலோ உடுப்புத்தான் இருந்தாலும் 36 கிலோவுக்குக் கட்ட வேண்டும். "டோர் டு டோர்" என்று சொல்லும் விலைக்குள் சுங்கத் தீர்வையும் கொழும்பில் எடுக்கும் செலவும் ஊருக்கு வரும் லொறிக் கூலியும் அடங்குமா என்பதையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். குறைந்த கூலி என்பது பல நேரம் பாதி வழிக்கான கூலிதான்.

மூன்றாவது, கடலின் ஆபத்து. 2021 மே மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றி, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். துபாயின் ஜெபல் அலியையும் கத்தாரின் ஹமத் துறைமுகத்தையும் தொட்டு வந்த கப்பல் அது. 1486 கொன்டெய்னர்கள் அதில் இருந்தன. அதே வருடம் மார்ச்சில் சுயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் சிக்கி நின்றபோது, மீட்புச் செலவில் சாமான்காரர்களும் பங்கு தர வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. கப்பலைக் காப்பாற்ற நேர்ந்த இழப்பை எல்லோரும் பகிர்வது பழைய கடல் வழக்கம். நம் ஃபிக்ஹு நூல்களும் கடலில் வீசப்பட்ட சரக்கின் நஷ்டம் யாரைச் சாரும் என்று விரிவாகப் பேசுகின்றன. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. ஆகவே சவூதியிலிருந்து வரும் பெட்டி ஜித்தாவில் கப்பலேறுகிறதா, தம்மாமிலா என்று கேட்பதும், பெறுமதியான சாமானுக்குக் காப்புறுதி அல்லது தகாஃபுல் ஏற்பாடு உண்டா என்று கேட்பதும் வீண் கேள்விகள் அல்ல.

இங்கே மார்க்கச் சட்டம் சொல்வதையும் கேளுங்கள். பலருடைய வேலையைக் கூலிக்கு ஏற்பவரை "அஜீர் முஷ்தரக்" என்பார்கள். அவர் கையில் பொருள் சேதமானால் ஈடு கட்ட வேண்டுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவர்களான அபூ யூஸுஃப், முஹம்மத் ஆகிய இருவரும், தவிர்க்க முடியாத பேராபத்து அல்லாதவரை அவர் பொறுப்பாளி என்றார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் அவர் அமானிதக்காரர். வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தால்தான் ஈடு. அப்படியானால் கவனக்குறைவை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? அல்குர்ஆனின் மிக நீளமான வசனமாகிய சூரா பகராவின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியதே. எழுதி வைப்பதை நம்பிக்கையின்மை என்று நினைப்பவர்கள் அந்த வசனத்தைச் சிந்திக்க வேண்டும்.

ஆகவே, பெட்டியில் போடும் ஒவ்வொரு சாமானையும் பட்டியல் எழுதி ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூடுமுன்னும் மூடிய பின்னும் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் இறக்கும்போது லொறிக்காரர் அவசரப்படுத்தினாலும், டேப் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். உடைந்திருந்தால் அதை எழுதியே கையெழுத்திடுங்கள். இன்னொன்று: "இந்தச் சின்னப் பொதியையும் வைத்து அனுப்புங்கள்" என்று யார் தந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வைக்க வேண்டாம். சுங்கத்தில் தடைப் பொருள் பிடிபட்டால், பெட்டியின் மேலுள்ள பெயருக்குரியவரையே முதலில் விசாரிப்பார்கள்.

வாகனம் எடுப்பிக்க நினைப்போருக்கும் இதே கேள்விகள்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறக்கப்பட்டது. வளைகுடா வாகனங்களின் ஸ்டீயரிங் இடது பக்கம் என்பதால், நம்மவர்கள் பெரும்பாலும் ஜப்பானையே பார்க்கிறார்கள். வாகனம் கொன்டெய்னரில் வருகிறதா, ஓட்டி ஏற்றும் கப்பலிலா, ஏற்றுமுன் எடுத்த படங்கள் எங்கே, செசி நம்பர் பத்திரத்தோடு பொருந்துகிறதா, இங்கே பொறுப்பேற்பவர் யார் என்று கணவன்மார் கேட்டார்களா என நீங்கள் கேளுங்கள். வீட்டு நகை அடகு போய்த்தானே அந்தப் பணம் சேர்கிறது?

வெயிலிலும் பிறர் வீட்டு அடுப்படியிலும் சிந்திய வியர்வைதான் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை விசாரியாமல் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு விதி என்று அழுவது முறையல்ல. விசாரித்து, எழுதி வாங்கி, அதன் பின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுங்கள். கடல் கடந்திருக்கும் நம்மவர்களையும் அவர்களது உழைப்பையும் அவன் பாதுகாப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.