தூங்குமூஞ்சி மரமும் தூங்காத பாப்பாவும்

கைக்குழந்தையோடு பெரிய ஓட்டலுக்குச் சாப்பிடப் போவது சுயேச்சையாகத் தேர்தலில் நிற்பது மாதிரி. டெபாசிட் போனாலும் போகும். ஆனால், நின்றே ஆகவேண்டிய கட்டாயம் எனக்கு.

பாப்பாவுக்குப் பத்து மாதம். இந்தப் பத்து மாதத்தில் என் மனைவி ஒரு வேளைகூட உட்கார்ந்து, முழுசாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வாய் சாதம்... ஓடிப்போய் ஒரு துணி மாற்றல்... திரும்பி வந்தால் ரசம் ஆறியிருக்கும், அப்பளம் நமத்திருக்கும். "கல்யாண நாளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, பட்டுப்புடவைக்கு மனசுக்குள் கடன் வாங்கிக் கொண்டிருந்தேன்.

"ஒரு வேளை சூடா சாப்பிடணுங்க" என்றாள். அவ்வளவுதான்!

முதலில் போன் செய்த ரெஸ்டாரண்டில், "குழந்தையா சார்?" என்று இழுத்தார்கள், நான் ஏதோ யானைக்குட்டியோடு வருவதாகச் சொன்னது போல. பெயர் வேண்டாம், விடுங்கள். யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. ஏ.சி. ஹாலில் குழந்தை அழுதால் சத்தம் நாலு சுவரிலும் மோதி நம் தலையிலேயே விழும். திறந்தவெளி என்றால் மேலே போய்விடும். ஆக, தேவை ஒரு மரத்தடி!

அண்ணா சாலையிலிருந்து பின்னி ரோட்டில் திரும்பினால் கன்னிமரா ஓட்டல். 1854-ல் இம்பீரியல் ஓட்டல் என்று ஆரம்பித்த இடம். 1886 முதல் 1890 வரை சென்னை கவர்னராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எழும்பூர் நூலகத்துக்கும் அதே பிரபுதான். நூலகத்துக்கும் ஓட்டலுக்கும் ஒரே பெயர் இருப்பதில் எனக்கொரு பயம், இங்கேயும் 'சத்தம் போடாதீர்' என்று போர்டு இருக்குமோ என்று!

இல்லை. உள்ளே 'ரெயின்ட்ரீ' ரெஸ்டாரண்ட். செட்டிநாட்டுச் சாப்பாடு, மரத்தடி மேஜை. ரெயின்ட்ரீ என்றால் வேறொன்றுமில்லை, நம்ம தூங்குமூஞ்சி மரம்தான். தென் அமெரிக்காவிலிருந்து வந்து, நம் ஊர் சாலையோரமெல்லாம் குடியேறிய மரம். சாயங்காலமானால் இலைகளை மடித்துக்கொண்டு தூங்கிவிடும். மரத்தைப் பார்த்தாவது நம்மாள் கற்றுக்கொள்வாளா என்று ஒரு நப்பாசை. மரம் தூங்கியது. பாப்பா முழித்துக்கொண்டு மரத்தையே பார்த்தாள்.

இனி, அனுபவஸ்தன் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குத் திறக்கிற நேரத்துக்கே போய்விட வேண்டும். கூட்டம் வருவதற்குள் பாதி யுத்தம் முடிந்துவிடும். ஓரத்து மேஜை கேளுங்கள். குழந்தை நாற்காலி உண்டா என்று போனிலேயே விசாரியுங்கள். உட்கார்ந்ததும் முதல் ஆர்டர் குழந்தைக்கு: குழைந்த சாதம், உப்புப் போடாத பருப்பு. ஒரு வயசு வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம் என்பார்கள் டாக்டர்கள். தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவைப் பிஞ்சுக் குடல் தாங்காது. பக்கத்து மேஜைப் பாட்டி, "நாக்குல ஒரு சொட்டுதானேப்பா" என்று ஆசையாகச் சொன்னாலும் சிரித்தே சமாளியுங்கள்.

அடுத்தது ஸ்பூன். பாப்பா கீழே போட்டாள். பேரர் எடுத்துக் கொடுத்தார். மறுபடி போட்டாள். பதினொரு தடவை! இந்த வயசில் இது சேட்டை இல்லையாம், ஆராய்ச்சியாம். போட்டால் விழுமா, விழுந்தால் யாராவது எடுப்பார்களா என்று பார்க்கிறார்களாம். நியூட்டன்கூட ஆப்பிளோடு நிறுத்திக்கொண்டார்.

"பரவால்ல சார், என் வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்றார் பேரர், பன்னிரண்டாவது ஸ்பூனை நீட்டியபடி.

சாப்பாடு வந்தது. இங்கேதான் ஷிப்ட் முறை. முதல் ஷிப்ட் அவளுக்கு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் எழுந்தேன்.

"உங்க கோழி ஆறிடுமே?"

"பரவால்ல, பத்து மாசமா நீ சாப்பிடறதை நானும் ஒரு நாள் சாப்பிட்டுப் பாக்கறேன்."

மரத்தை இரண்டு சுற்று, விளக்குகளை மூன்று சுற்று. தூரத்திலிருந்து பார்த்தேன். ஆவி பறக்கும் ஆப்பத்தைப் பிய்த்து, மிளகு தூக்கலான கோழிக் குழம்பில் தோய்த்து, நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரமா, வேறு ஏதாவதா? கேட்கவில்லை. பத்து நிமிஷம் பாப்பா எங்கே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் சந்தோஷம்.

என் ஷிப்ட் வந்தபோது கோழி ஜில்லென்றிருந்தது. ருசியாகவும் இருந்தது.

பில்? சாதாரண ஓட்டலில் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றால், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களில் இருக்கிற ரெஸ்டாரண்டுக்கு 18 சதவீதம். தலை லேசாகச் சுற்றியது. ஆனாலும் பட்டுப்புடவைக்கு இது மலிவு. ஸ்பூன் பேரருக்கு டிப்ஸ் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

ஆட்டோவில் ஏறியதும் பாப்பா தூங்கிப்போனாள்.

"அடுத்த வருஷமும் இங்கேயே வரலாமா?" என்றேன், பெருமையாக.

"வரலாங்க. அப்ப இவ ஓட ஆரம்பிச்சிருப்பா. நீங்க மட்டும் கேன்வாஸ் ஷூ போட்டுட்டு வாங்க!"