பாதியில் நின்ற வாக்கியம்

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்குச் சுங்கை பட்டாணியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது அப்பாவிடம், “புதன்கிழமை என் நிகழ்ச்சியில டாக்டர் எப்படிப்பா பேசினார்?” என்று கேட்டேன். அவர் தோசையைப் பிட்டபடியே, “ரொம்ப நல்லா பேசினாரும்மா. சர்க்கரை நோயப் பத்தி எல்லாருக்கும் புரியுற மாதிரி சொன்னாரு” என்றார்.

அந்தப் புதன்கிழமை டாக்டர் வரவே இல்லை. கடைசி நேரத்தில் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. அவருக்குப் பதிலாக ஒரு சமையல்காரரை அழைத்து, ஒரு மணி நேரமும் முறுக்கு மாவின் பதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். முந்தைய நாள் நான் செய்த அறிவிப்பை அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அதை வைத்துத்தான் அப்பா எனக்குப் பதில் சொன்னார்.

பிறகு அடுப்படியில் அம்மா மெதுவாகச் சொன்னார். “ஒரு வருசமாவே அப்படித்தான். பத்து மணியானா ரேடியோவப் போட்டுட்டு உக்காந்துக்குவாரு. நீ என்ன பேசுறன்னு அவருக்குப் புரியுறதில்ல. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு.”

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். மின்னல் எஃப்எம், ‘வானொலி 6’ என்று அழைக்கப்பட்ட காலத்திலிருந்தே தமிழ் வானொலிக்கு அடிமை. நான் அறிவிப்பாளர் ஆனதற்கு எனது ஊடகப் படிப்பைவிட எங்கள் வீட்டு அலமாரி மேல் இருந்த அந்தப் பெட்டிதான் பெரிய காரணம். இப்போது அதே பெட்டியில் என் குரல் வருகிறது, அவருக்குப் புரியவில்லை.

செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். வயதாகும்போது பெரும்பாலும் உச்ச ஒலிகள்தான் முதலில் மங்கும் என்று அங்கே விளக்கினார்கள். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்வாகவும் பலமாகவும் இருப்பதால் காதுக்கு எட்டிவிடும். ‘ச’, ‘ஸ’, ‘த’, ‘ப’ போன்றவற்றின் மெல்லிய ஓசைதான் தவறிப்போகும். அதனால் ‘படி’யா ‘தடி’யா என்று பிரித்தறிய முடியாது. சத்தம் கேட்கும், சொல் புரியாது. பெண்களும் குழந்தைகளும் பேசினால் இன்னும் சிரமம். ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு கேட்புக் குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் என் நேயர்களில் எத்தனை பேர் என் அப்பாவைப் போல அமர்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

செவிக்கருவி வாங்கிக் கொடுத்தோம். “பக்கத்து வீட்டு நாய் என் தலைக்குள்ள குரைக்குது” என்று சொல்லி அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். பழக நாளாகும் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். அவர் கேட்கவில்லை.

காது இல்லாவிட்டால் கண் இருக்கிறதே என்று நினைத்தேன். அப்பா இன்றும் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர். நிகழ்ச்சியில் நான் பேசுவதில் முக்கியமான இரண்டு நிமிடத்தைக் காணொளியாக்கி, எழுத்தையும் சேர்த்து அவருடைய கைப்பேசிக்கு அனுப்பினால் என்ன? பக்க வடிவமைப்பு, படத்தொகுப்பு எல்லாம் பல்கலைக்கழகத்தில் படித்ததுதானே என்ற தைரியம் எனக்கு.

முதல் காணொளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. அகலவாட்டில், 16:9 அளவில் செய்தேன். பின்னணியில் வீணை இசை. எழுத்துகள் இடப்பக்கமிருந்து பறந்து வந்து நிற்கும், சுழன்று மறையும். மூன்று வகை எழுத்துரு, நான்கு வண்ணம். செய்து முடித்ததும் நானே பத்து முறை பார்த்து ரசித்தேன்.

அப்பா புலனத்தில் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அம்மா தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். “எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். படிக்கிறதுக்குள்ள பறந்து போயிடுதாம்.”

அப்போதுதான் உறைத்தது. அப்பா கைப்பேசியை ஒருபோதும் படுக்கவைத்துப் பிடிப்பதில்லை. நிமிர்த்திப் பிடித்தால், அகலவாட்டுக் காணொளி திரையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. என் மடிக்கணினியில் கம்பீரமாக நின்ற எழுத்து, அவர் கையில் எறும்பாகிவிட்டது.

அடுத்ததை நெடுவாட்டில், 9:16 அளவில் செய்தேன். இம்முறை வேறொரு தொல்லை. நான் பயன்படுத்திய மென்பொருளில் ‘பெ’ என்று தட்டினால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘பொங்கல்’ என்ற சொல் அடையாளம் தெரியாமல் உடைந்தது. யூனிகோட் முறையில் முதலில் பகரமும் அடுத்துக் கொம்புமாகத்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலை அதற்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது, அமைப்புகளுக்குள் தெற்காசிய எழுத்துகளுக்கென ஒரு தேர்வு ஒளிந்திருந்தது. அதைத் தட்டியதும் கொம்பு தன் இடத்துக்குத் திரும்பியது.

கைப்பேசியில் நாம் சர்வசாதாரணமாகத் தமிழ் படிப்பதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று அன்று புரிந்தது. முரசு அஞ்சலை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன்தான் ஆப்பிள் கருவிகளில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றையும் வடிவமைத்தவர். அந்த உழைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நான் எழுத்துகளைப் பறக்கவிட்டு விளையாடியிருக்கிறேன்.

வேகத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆங்கில வசன வரிகள் நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள்வரை போகலாம் என்பது பிபிசியின் வழிகாட்டுதல். என் பேச்சை எண்ணிப் பார்த்தேன், 130தான் வந்தது. தாராளம் என்று நினைத்தேன். ஆனால் நம் சொல் வேறு, அவர்கள் சொல் வேறு. ‘வரமாட்டார்களாம்’ என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொற்கள் வேண்டும். 130 தமிழ்ச் சொற்களைப் படிப்பதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வரி வரும்போதும் திரையைத் தொட்டு நிறுத்தி, படித்து முடித்துவிட்டு மீண்டும் ஓடவிட்டார். சிக்கலும் அங்கேதான் வந்தது.

ஒரு வாரம் இரத்த அழுத்தம் பற்றிப் பேசினேன். காணொளியில் இப்படி ஒரு வாக்கியம்: “இரத்த அழுத்தம் சரியாகிவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.” வாக்கியம் நீளம் என்பதால் இரண்டாக வெட்டினேன். முதல் திரையில் ‘இரத்த அழுத்தம் சரியாகிவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாம்’ என்று வந்தது. மீதி அடுத்த திரைக்குப் போனது. முக்கியமான செய்தி அல்லவா? முதல் திரையின் எழுத்தைப் பெரிதாக்கி, நட்டநடுவில் வைத்து, சிவப்பு வண்ணமும் தீட்டினேன்.

நான்கு நாள் கழித்து அம்மா அழைத்தார். குரலிலேயே பதற்றம் தெரிந்தது. “அப்பா மூணு நாளா மாத்திரை போடலடா. கேட்டா, நீயே சொல்லிட்டன்னு சொல்றாரு. போன்ல படம் புடிச்சு வச்சிருக்காரு.”

உடனே கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொன்னேன். அழுத்தம் ஏறியிருந்தது. மாத்திரையை மறுபடி தொடங்கி, இரண்டு வாரம் கண்காணித்தார்கள். வேறு விபரீதம் எதுவும் நடக்கவில்லை. மாத்திரையால்தான் அழுத்தம் சரியாக இருந்தது என்று டாக்டர் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அந்த எழுத்தை அப்பா நம்பினார். என் எழுத்தையும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்.

அவர் அனுப்பிய அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர், என் நிகழ்ச்சியின் பெயர், கீழே சிவப்பு எழுத்தில் முழு வாக்கியம்போல நின்ற அரை வாக்கியம். பொய் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆனால் வெட்டிய இடம் அர்த்தத்தைத் தலைகீழாக்கியிருந்தது.

வானொலியில் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு குறைவு. ‘நிறுத்திவிடலாம்’ என்று சொல்லும்போது என் குரல் கீழே இறங்காது, அந்தரத்தில் நிற்கும். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். திரையில் இருக்கும் எழுத்துக்கு அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. போதாக்குறைக்கு நம் தமிழ், ‘இல்லை’, ‘மாட்டேன்’, ‘கூடாது’, ‘செய்யாதீர்கள்’ எல்லாவற்றையும் வாக்கியத்தின் கடைசியில்தான் வைக்கும். முன்பாதியை மட்டும் படித்தால் எதிர்ப்பொருள் வந்துவிடும். பக்க அமைப்பு என்பது அழகு சார்ந்த விஷயம் என்றே படித்த காலத்திலிருந்து நினைத்திருந்தேன். என் அப்பாவின் மூன்று நாள் மாத்திரை அந்த நினைப்பை மாற்றியது.

இப்போது என் காணொளிகளைப் பார்த்தால், ஊடகம் படித்தவள் செய்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஒரே எழுத்துரு. எதுவும் பறக்காது. ஒரு திரைக்கு அதிகம் போனால் இரண்டு வரிகள். மேலே புள்ளியும் கீழே சுழியும் ஒன்றையொன்று இடிக்காத அளவுக்கு வரிகளுக்கிடையே இடம். நடுவில் நிறுத்தாமல் எல்லா வரியையும் இடப்பக்கம் ஒரே இடத்தில் தொடங்குகிறேன். கண் ஒவ்வொரு முறையும் ஆரம்பத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. திரையின் அடிப்பகுதியில் செயலியின் பொத்தான்கள் மறைக்கும் என்பதால் எழுத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுகிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம், எழுதும்போதே நடக்கிறது. ஒரு திரைக்கு ஒரு முழு வாக்கியம். அடங்கவில்லை என்றால் வெட்டுவதில்லை, வாக்கியத்தையே மாற்றி எழுதுகிறேன். ‘மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தம் சரியாக இருந்தாலும் டாக்டரைக் கேளுங்கள்.’ இதில் எந்தத் திரையில் நிறுத்தினாலும் ஆபத்தில்லை. அனுப்புவதற்கு முன் நானும் அப்பாவைப் போலவே ஒவ்வொரு திரையிலும் நிறுத்தி, அதை மட்டும் தனியாகப் படித்துப் பார்க்கிறேன். குடும்பப் புலனக் குழுவில் பெரியவர்களுக்கு எழுத்து போட்ட காணொளி அனுப்பும் யாரும் ஒருமுறை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அப்பா இப்போதெல்லாம் கட்டைவிரல் அனுப்புவதில்லை. பட்டியல் அனுப்புகிறார். “3ஆவது வரியில் ‘க்’ விட்டுப்போச்சு.” “‘ஒரு’ இல்லை, அங்கே ‘ஓர்’ வரணும்.” இத்தனை ஆண்டுகளாக என் நிகழ்ச்சியைப் பற்றி ‘நல்லா இருந்தது’ என்பதைத் தவிர எதுவுமே சொல்லாதவர், இன்று ஒரு காணொளிக்கு நான்கு பிழைகளாவது கண்டுபிடிக்கிறார். ஒற்றுப்பிழைக்காக அப்பாவிடம் திட்டு வாங்குவது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

சென்ற மாதம் ஒரு காணொளியை ஒலியே இல்லாமல் அனுப்பிவிட்டேன். நேரம் இல்லை, அவருக்கு எப்படியும் புரியப்போவதில்லை என்ற அலட்சியம் வேறு. அன்று பிழைப்பட்டியல் வரவில்லை. மாலையில் அவரே அழைத்தார். நான் பேசினால் அவருக்குப் புரியாது என்பதால் அவர் என்னைத் தொலைபேசியில் அழைப்பதே இல்லை.

“உடம்பு சரியில்லையாம்மா?” என்றார்.

“நல்லாத்தான்பா இருக்கேன்” என்று உரக்கச் சொன்னேன். கேட்டதோ இல்லையோ, பக்கத்திலிருந்த அம்மா திருப்பிச் சொல்வது கேட்டது.

“அப்ப சத்தத்த ஏன் எடுத்துட்ட? நீ என்ன பேசுறன்னுதான் புரியாது. பேசுறது நீதான்னு தெரியும்” என்றார். பிறகு, “அந்த ரெண்டாவது வரியில ஒரு ‘ச்’ வேணும், பாரு” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றிரவே ‘ச்’ சேர்த்து, குரலையும் சேர்த்து, திரும்ப அனுப்பினேன்.