நின்ற இடத்தில் பார்ப்பது

'மக்கர்' என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிளம்பவே கிளம்பாத வண்டி, ஓடிக்கொண்டிருந்து நின்றுவிடும் வண்டி, நின்று சற்றுப் பொறுத்துத் தானே கிளம்பிவிடும் வண்டி, மூன்றுக்கும் அந்த ஒரே சொல். மூன்றாவதுதான் உண்மையான பிரச்னை. கிளம்பாத வண்டி தன் கோளாறைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். தானே கிளம்பிவிடும் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது அதில் கோளாறே இல்லை. அந்தக் கோளாறு ஒரு பாகத்தில் இருப்பது மட்டுமல்ல. ஒரு நிலையில் மட்டும் இருப்பது.

என்னிடம் இருந்தது கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார். கோடையில் முக்கால் மணி ஓடியதும் நின்றுவிடும். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரைமணி கழித்துப் பிடித்துக்கொள்ளும். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன வண்டி அதுதான் என்பதால் இது வெறும் தொந்தரவாக இருக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது 'வேப்பர் லாக்'. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது, பம்ப் ஆவியை இழுத்துத் திணறுகிறது, ஈரத்துணி போட்டால் சரியாகும். ரோட்டோரத்தில் யாரோ துணியை நனைத்துப் போடுவார்கள். வண்டி கிளம்பும். நிரூபணமாகிவிட்டது என்பார்கள்.

இதில் என்ன நிரூபணம்? துணி தேடி, தண்ணீர் தேடி, யோசனைகள் கேட்டு முடிப்பதற்குள் அரைமணி ஆகிவிடுகிறது. துணி இல்லாமலே அரைமணியில் கிளம்புகிற வண்டி அது. பானெட்டைத் திறந்து வைத்தால் பம்ப் மட்டுமா ஆறுகிறது? உள்ளே இருப்பது எல்லாமே ஆறுகிறது. காலம் செய்த வேலைக்குத் துணி பெயர் வாங்கிக்கொண்டது.

வயதான மெக்கானிக் ஒருவர், ஓடும் நிலையில் வண்டியைத் தொடவே மறுத்தார். "ஓடுறப்போ கொண்டாராதீங்க சார். நின்னதும் போன் பண்ணுங்க" என்றார்.

செங்கல்பட்டுக்கு இப்பால் ஒரு மதியம் நின்றது. வந்தார். ஆக்ஸிலேட்டரை அசைத்துக் கார்புரேட்டரின் வாயைப் பார்த்தார், பெட்ரோல் பீச்சியது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரை உருவி, எஞ்சின் உடம்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, செல்ஃபைப் போடச் சொன்னார், பொறி இல்லை. டெஸ்ட் லாம்ப் மினுக்கி மினுக்கி, பாயிண்ட் சரியாகத் திறந்து மூடுவதைக் காட்டியது. பையிலிருந்த வேறொரு காயிலை வயரில் தொங்கவிட்டு இணைத்தார். கொதிக்கிற எஞ்சின் அப்போதே பிடித்தது. நான் ஏறி உட்காரப் போனேன். அவர் எஞ்சினை நிறுத்தி, பழைய காயிலையே திரும்ப மாட்டினார். பிடிக்கவில்லை. மறுபடி புதியது. பிடித்தது.

காயிலுக்குள் 12 வோல்ட் பாயும் தடித்த கம்பிச் சுற்று ஒன்று. கூடவே ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மயிரிழை போன்ற கம்பி. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காந்தப்புலம் சரிய, மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம் எழுகிறது. சுற்றுகளுக்கிடையே காப்பு கெட்டிருந்தால், சூட்டில் அது உள்ளேயே குறுக்கே பாய்ந்து வீணாகிவிடும். ஆறினால் கொஞ்ச நேரம் யோக்கியமாக இருக்கும்.

பாயிண்ட் போய்விட்ட இன்றைய கார்களில் இதே வேஷத்தைக் கிராங்க்‌ஷாஃப்ட் சென்ஸர் கட்டுகிறது. சூட்டில் சாகும், ஆறினால் பிழைக்கும். ஸ்கேனரைச் செருகினால் 'பி 0335' என்று வரலாம். அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 முறையின் எண் அது. ஆனால் அந்த எண் குறிப்பது சென்ஸரின் மின்சுற்றை. கெட்டது சென்ஸரா, வயரா, கனெக்டரா என்று அது சொல்வதில்லை. எண்ணைப் படித்ததும் பாகத்தை மாற்றுவது ஈரத்துணியின் புதிய பதிப்பு.

நம் விமர்சனத்தில் இல்லாமலிருப்பது அந்த மெக்கானிக்கின் கடைசிக் காரியம்தான். கவிதை நிற்கிறது என்றால் 'உருவம் சரியில்லை', 'சமூகப் பிரக்ஞை இல்லை' என்று கைவசமுள்ள துணி ஒன்று விழுகிறது. எந்த வரியில் நின்றது? ஒரு சொல்லை மாற்றினால் ஓடுகிறதா? பழைய சொல்லைத் திரும்ப வைத்தால் மறுபடி நிற்கிறதா? இவ்வளவும் பார்க்காமல் சொல்வது அபிப்பிராயம், நிர்ணயம் அல்ல.

அம்மாவுக்கு வந்தது மயக்கம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தெளிந்திருப்பாள். படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. சில விநாடிகளின் சாட்சி. அந்த விநாடிகளில் இதயம் ஒழுங்காக அடித்தது. 'வயசாச்சு' என்றார்கள் உறவினர்கள். நார்மன் ஹோல்ட்டர் 1961-இல் விவரித்த முறை, கருவியை உடம்பில் கட்டிக்கொண்டு நடமாடுவது, மெக்கானிக் சொன்ன அதே வாக்கியம்தான். 24 மணிப் பதிவில் பிற்பகல் ஓரிடத்தில் நான்கு விநாடி வெறும் கோடு. பேஸ்மேக்கர் வைத்தார்கள். மயக்கம் பிறகு வரவில்லை.

இங்கே பழையதைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியாது. அந்த நான்கு விநாடிக் கோட்டை நம்பித்தான் இருந்தாகவேண்டும். இரும்பிலும் சொல்லிலும் அந்தத் தடை இல்லை.