காலியாக விட்ட ஒரு வரி

பல் டாக்டர்மீது வழக்குப் போடவேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது பல் அச்சை. பில், ரசீது எல்லாம் பிறகு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாவு அச்சுகள் கையில் இருந்தால் இரு தரப்பின் வாய்ப்பேச்சும் பாதி அடங்கிவிடும். இந்தப் பழக்கம் எனக்குத் தொற்றியது ஒரு கிளிப் வழக்கில்.

தென் மாவட்டம் ஒன்றில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். பேசியதெல்லாம் அம்மாதான். “ரெண்டு வருஷத்துக்கு மேல கம்பி போட்டிருந்தா சார். கழட்டின பிறகும் சந்து அப்படியே நிக்குது. கேட்டா, ரிட்டெய்னர் ஒழுங்கா போடலைன்னு புள்ள மேலயே பழியைப் போடறாங்க.” மேல்வரிசையில் நடுப்பல் இரண்டுக்கும் அடுத்தாற்போல் இருக்கும் பக்க வெட்டுப்பற்களின் ஓரத்தில், இரண்டு பக்கமும், மெல்லிய இடைவெளி. கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும், டாக்டர் தவறான வைத்தியம் பார்த்தார் என்று தீர்ப்பு வேண்டும் என்பது அம்மாவின் கோரிக்கை.

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பதாலேயே டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடாது. ஜேக்கப் மேத்யூ வழக்கின் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே மேசைமேல் வைப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நோட்டீஸ் அனுப்பி கேஸ் ஷீட் நகலையும் இரண்டு ஜோடி அச்சுகளையும் வாங்கினேன். அவற்றை எனக்குத் தெரிந்த ஒரு பல் சீரமைப்பு மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கடிவாய் எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு முறை பார்த்தார். கடைவாய்ப்பல் சரி, கோரைப்பல் சரி என்றார். பிறகு டிஜிட்டல் வெர்னியரை எடுத்து ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் அளந்து எழுத ஆரம்பித்தார். கோரைப்பல்லில் தொடங்கிக் கோரைப்பல்லில் முடியும் ஆறு பற்கள், மேலே ஒரு கூட்டல், கீழே ஒரு கூட்டல். மேலே 44.0 மில்லிமீட்டர், கீழே 35.6. கீழ்க்கூட்டலை மேற்கூட்டலால் வகுத்தால் 80.9 சதவீதம். “77.2 இருக்கணும் சார்” என்றார்.

அந்த 77.2 வேன் போல்டன் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் 1958-இல் வெளியிட்ட கணக்கு. மிக நன்றாகப் பொருந்திய 55 பல்வரிசைகளை அளந்து, முன்பற்கள் ஆறுக்கு 77.2, முதல் கடைவாய்ப்பல் வரையிலான பன்னிரண்டுக்கு 91.3 என்று சராசரி கண்டார். முன்பல் கணக்கில் திட்ட விலக்கம் 1.65. அதன் இரு மடங்கைத் தாண்டினால், அதாவது 80.5-க்கு மேலே போனால், கவனிக்கத்தக்க பொருத்தமின்மை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். என் கட்சிக்காரர் அந்த எல்லையை மயிரிழையில் தாண்டியிருந்தார்.

நடைமுறையில் இதன் பொருள் இவ்வளவுதான். மேல்வரிசை கீழ்வரிசையை வெளிப்புறமாக அணைத்து மூடவேண்டும், பானைக்கு மூடி போல. இந்தப் பெண்ணின் பக்க வெட்டுப்பற்கள் பிறவியிலேயே ஒடுக்கம், தலா 5.8 மி.மீ.தான். கீழ்ப்பற்களின் அளவுக்கு ஈடாக மேலே இன்னும் சுமார் 2.1 மி.மீ. பல் இருந்திருக்க வேண்டும். இல்லாத பல்லை எந்தக் கம்பியாலும் உண்டாக்க முடியாது. சந்தை இழுத்து மூடினால் மேல்பற்கள் உள்ளே சரிந்து கீழ்ப்பற்களோடு நுனிக்கு நுனி முட்டும். கடிவாயைச் சரியாக வைத்தால் சந்து நிற்கும். இந்த டாக்டர் கடிவாயைத் தேர்ந்தெடுத்திருந்தார். வைத்தியமாகப் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒடுங்கிய பற்களை காம்போசிட் வைத்து இருபுறமும் அகலப்படுத்தியிருக்கலாம். அல்லது கீழ்முன்பற்களின் ஓரங்களில் எனாமலை மெல்லச் சீவி மொத்தமாக 1.6 மி.மீ. குறைத்திருக்கலாம். வழிகள் இருந்தன. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கேஸ் ஷீட்டை மறுபடி புரட்டினேன். எக்ஸ்-ரே கோணங்கள், மேல்பல் எவ்வளவு முன்தள்ளியிருக்கிறது, எவ்வளவு மூடுகிறது, எல்லாம் எழுதப்பட்டிருந்தன. ‘பல் அளவுப் பகுப்பாய்வு’ என்று அச்சடித்திருந்த வரி மட்டும் காலி.

முறையீட்டில் ‘தவறான சிகிச்சை’ என்ற சொல் ஒரு இடத்திலும் வராமல் எழுதினேன். அம்மாவுக்குக் கோபம். “அப்ப டாக்டர் மேல தப்பே இல்லைங்கறீங்களா சார்?” வைத்தியத்தில் இல்லை, சொல்லாமல் விட்டதில் இருக்கிறது என்று விளக்க ஒரு மாலை முழுதும் ஆனது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னதுதான்: சிகிச்சையின் தன்மை, பலன், முக்கியமான பாதகம், வேறு வழிகள் இருந்தால் அவை, இவ்வளவையும் போதிய அளவு சொல்லிப் பெற்றால்தான் சம்மதம். அவர்கள் கையெழுத்துப் போட்டதோ ‘பலன் ஆளுக்கு ஆள் மாறலாம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளில்.

பதிலுரையில் மூன்று வாதங்கள். ரிட்டெய்னர் போடாததால் பல் நகர்ந்துவிட்டது என்பது முதலாவது. கம்பி கழற்றிய அன்று டாக்டரே எடுத்த அச்சில் சந்து இருந்ததால் அது நிற்கவில்லை. புகார் காலம் கடந்தது என்பது இரண்டாவது. இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள்தான் இருந்தோம். மூன்றாவது உண்மையிலேயே கனமான வாதம். ஐம்பத்தைந்து பேரை, அதுவும் தேர்ந்தெடுத்த பல்வரிசைகளை, அமெரிக்காவில் அளந்த கணக்கு நம் ஊர் வாய்க்கு எப்படிப் பொருந்தும்? பொருத்தமான பல்வரிசைகளை மட்டும் எடுத்தால் விலக்கமும் குறைவாகத்தானே தெரியும்? அச்சுகளை அளந்த என் மருத்துவ நண்பரே இதை ஒப்புக்கொண்டார். போல்டனின் எண்ணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அங்கேயே தோற்றிருப்பேன்.

நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். நிரூபண வாக்குமூலமும் எழுத்துமூல வினாப்பட்டியலும்தான். நாடகம் இல்லை, ஆனால் எழுதிக் கொடுத்த பதிலை யாரும் பிறகு விழுங்க முடியாது. போல்டன் சரியா தவறா என்று நான் கேட்கவில்லை. எந்த அளவுகோலைக் கொண்டாவது சிகிச்சைக்கு முன் பற்களின் அகலத்தை ஒப்பிட்டீர்களா, ஆம் என்றால் குறிப்பு எங்கே என்று மட்டும் கேட்டேன். வந்த பதில்: ‘பல் சிறியது என்பதை அனுபவமுள்ள மருத்துவர் கண்ணால் பார்த்தே அறிவார்; அளக்கத் தேவையில்லை.’

வக்கீல் பார்க்காமல் போன பதில் என்று இன்றும் நினைக்கிறேன். தெரியாது என்றிருந்தால் 80.5-க்கும் 80.9-க்கும் இடையில் வாதம் நடந்திருக்கும். தெரியும் என்று எழுதியபின் ஏன் சொல்லவில்லை என்ற ஒரே கேள்விதான் மிச்சம்.

ஆணையம் அச்சுகளை ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. அவர்கள் எண் எங்களுடையதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் எல்லைக்கு வெளியேதான். சீரமைப்பு முறைப்படி நடந்திருக்கிறது, சந்துக்குக் காரணம் பல்லின் அளவு, இது தொடக்கத்திலேயே தெரிந்திருக்கக் கூடியது என்று அறிக்கை வந்தது. உத்தரவும் அந்த வழியே போயிற்று: சிகிச்சையில் குறைபாடு இல்லை, தகவல் சொல்லாதது சேவைக் குறைபாடு. முழுப் பணத்தைத் திருப்பித் தரக் கேட்டது தள்ளுபடி. இரண்டு பற்களையும் அகலப்படுத்த ஆகும் செலவு, மனவுளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவை அனுமதி.

நகலைப் படித்துவிட்டு அம்மா முகம் சுளித்தார். “பல்லு பொறவியிலேயே சின்னதுன்னு தீர்ப்புலயே எழுதிட்டாங்களே சார். அந்த வரியை மட்டும் எடுக்க அப்பீல் போக முடியுமா?” முடியாது என்றேன். மகள் முதல் முறையாகக் குறுக்கே பேசினாள்: “அந்த வரியாலதாம்மா ஜெயிச்சோம்.” டாக்டர் தரப்பும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. கெடு முடிவதற்குள் காசோலை வந்துவிட்டது.